பாதிப் பேருக்கு மட்டும்

என் மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது. பெண் பார்க்க வந்த அன்றே நேருக்கு நேர் கேட்டேன்.

“பிராடக்ட் மேனேஜர்ங்க” என்றார்.

“அப்படின்னா?”

“ஜனங்களுக்கு எங்க கஷ்டம் இருக்குன்னு கண்டுபிடிக்கிற வேலை.”

“கண்டுபிடிச்சு?”

“இன்ஜினியருங்ககிட்ட சொல்வேன். அவங்க அதுக்கு ஏதாவது செய்வாங்க.”

“அடுத்தவங்க கஷ்டத்தைக் கண்டுபிடிச்சு இன்னொருத்தர்கிட்ட சொல்றதா? அதை நாங்க மாடிப்படியில நின்னு சம்பளமில்லாம பண்றோமே!”

கூட வந்த அவருடைய அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். மகனை ஒருத்தி வாரும்போது சிரிக்கிற மாமியார் கிடைப்பது லேசா? அந்தச் சிரிப்புக்காகவே பெண்ணைக் கொடுத்தேன்.

என் சம்பந்தி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் நின்றே காலம் தள்ளியவள். புருஷன் போன பிறகு அந்த வேலையில்தான் மகனைப் படிக்க வைத்தாள். நானும் தாலியறுத்தவள், அவளும் அப்படி. இரண்டு பேரும் உட்கார்ந்தால் செத்துப்போன ஆண்களைத் திட்டித் தீர்க்கவே பொழுது போதாது. அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஈரத்தில் நின்ற கால்கள், உணர்ச்சி குறைந்துபோனவை. முள் குத்தினால்கூடத் தெரியாது.

மருமகனைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. குடிப்பதில்லை, கத்துவதில்லை, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். ஒரே ஒரு வியாதி. எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்பார். அவர்கள் தொழிலில் அப்படித்தான் பழக்குகிறார்களாம். ஏன், ஏன் என்று தோண்டிக்கொண்டே போனால் அடியில் உண்மை இருக்குமாம்.

“அத்தை, ஏன் லிஃப்ட்ல வர மாட்டேங்கறீங்க?”

“நடந்தா நல்லது மாப்பிள்ளை.”

“ஏன் நல்லது?”

“மூச்சு வாங்கும். வாய் சும்மா இருக்கும்.”

“வாய் ஏன் சும்மா இருக்கணும்?”

“மேல வந்தா நீங்க இருப்பீங்களே. உங்ககிட்ட பேச மிச்சம் வைக்க வேண்டாமா?”

அதையும் போனில் குறித்துக்கொண்டார். நிஜமாகத்தான் சொல்கிறேன். கிண்டல் செய்கிறேன் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி, துணிமணியை வாடகைக்கு விடுவது. மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பின்னால் ஒன்று, அடுத்தவன் நாயை நடைக்குக் கூட்டிப்போக ஆள் அனுப்புவது. அதையும் மூடிவிட்டார்கள். மூடும்போதெல்லாம் இவர் முகம் செத்த வீட்டு முகமாகிவிடும். இரண்டு மாதம் அந்த முகத்தோடு சோபாவில் கிடப்பார். பிறகு யாராவது ஒருத்தன் போன் செய்து “ப்ரோ, ஒரு ஐடியா” என்பான். எழுந்துவிடுவார்.

மூன்றாவது கம்பெனி அப்படி வந்ததுதான். வீட்டில் கிடக்கும் நோயாளிக்கு நர்ஸ் அனுப்பும் ஆப். இதற்கு மட்டும் இவருக்கு உயிரே இருந்தது. அம்மாவை நினைத்துத்தான் சேர்ந்தேன் என்றார். நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

ஒருமுறை அந்த ஆபீஸுக்குப் போயிருக்கிறேன். மகள் வீட்டுச் சாவியை மறதியாக இவரிடம் கொடுத்துவிட்டாள், வாங்கப் போனேன். நாற்காலிக்குப் பதிலாக மூட்டை போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, இரண்டு பிள்ளைகள் வந்து தூக்கிவிட்டார்கள். சுவரில் ஒரு மணி தொங்கியது. புதிதாக யாராவது நோயாளி சேர்ந்தால் அதை அடிப்பார்களாம், எல்லோரும் கை தட்டுவார்களாம். ஊரில் ஒருத்தன் படுத்தான் என்றால் இங்கே கைதட்டல்! முதலாளி அரைக்கால் சட்டையோடு வந்தார். “முதலாளின்னு சொல்லாதீங்கம்மா, இங்க எல்லாரும் ஒரே குடும்பம்” என்றார். எல்லோருக்கும் எல்லோரும் ப்ரோ. சம்பளம் மட்டும் ப்ரோ இல்லை. கம்பெனியில் பங்கு தருகிறேன் என்று இவருக்கு ஆசை காட்டியிருந்தார். குடும்பத்தில் பங்கு கேட்டால் வெட்டுக்குத்து. இங்கே கேட்காமலே தருகிறேன் என்கிறார்கள், தருவதுதான் இல்லை. அன்றிலிருந்து எனக்கு அவர் அரைக்கால் சட்டைதான்.

அந்த ஆப்பில் ஒரு பச்சைப் பட்டன் உண்டு. அமுக்கினால் ஒரு ஆள் பேசும். மிஷின் இல்லை, ரத்தமும் சதையுமான ஆள். ஆபீஸின் பின்பக்க அறையில் காதில் மாட்டிக்கொண்டு நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பட்டன் என் மருமகன் பெற்ற பிள்ளை. வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ஏன், ஏன் என்று கேட்டுவிட்டு வந்து, ஆபீஸில் சண்டை போட்டு வைத்தது. “வயசானவங்களுக்கு எழுதிக் கேட்க வராது. பேசத்தான் வரும்” என்று அந்த மனுஷன் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்னதை என் காதால் கேட்டேன்.

சம்பந்தியின் போனிலும் போட்டுக் கொடுத்தார். அவள் வீடு ஊரின் இன்னொரு கோடியில். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், “ஒரு உறையில ரெண்டு கத்தியா? உங்க அத்தை ஒருத்தி போதும்” என்பாள். பாதத்தின் அடியில் புண் வந்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் வந்து மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போகும்.

“அம்மா, காலைல எனக்கு மீட்டிங் மேல மீட்டிங். நர்ஸ் வரலைன்னா எனக்கு போன் பண்ணாத, எடுக்க முடியாது. இதை அமுக்கு” என்றார். இரண்டு தடவை செய்து காட்டினார். அவளும் பழகிக்கொண்டாள். பழகியதென்ன, அதுவே அவளுக்குப் பொழுதுபோக்கு.

“சம்பந்தி, அந்தப் பொண்ணு என்னைச் சாப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு!”

“கேட்கத்தானே சம்பளம் வாங்குது.”

“உங்க பொண்ணு சம்பளம் வாங்காததாலதான் கேட்க மாட்டேங்குதா?”

வாய் மட்டும் சர்க்கரை இல்லாத இடம் அவளுக்கு.

கம்பெனிக்குப் புதிதாகப் பணம் போட வந்தவர்கள், போனில் பேச எதற்கு இத்தனை ஆள் என்று கேட்டார்களாம். அரைக்கால் சட்டை பட்டனையே எடுத்துவிடு என்றார். என் மருமகனுக்கு அதில் சம்மதமே இல்லை. ஆனால் எதிர்த்து நிற்கும் நேரமும் அது இல்லை. கம்பெனி பெரிதாகிறது, எல்லா மேனேஜருக்கும் மேலே ஒரு ‘ஹெட்’ வைக்கப்போகிறார்கள், அது இவர்தான் என்று பேச்சு. ஹெட் ஆகிவிட்டால் இந்தக் கம்பெனி மூடினாலும் அடுத்தது தேடி வரும். சோபாவில் கிடக்க வேண்டியதில்லை. அதனால் நடுவாக ஒரு வழி சொன்னார். ஒரேயடியாக எடுக்க வேண்டாம், பாதிப் பேருக்கு மட்டும் எடுத்துப் பார்க்கலாம். எடுத்த பாதிக்கு, எழுதிக் கேட்கிற ஒரு பெட்டி. எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். அவர்கள் தொழிலில் இப்படித்தான் எதையும் முடிவு செய்வார்களாம். யார் எந்தப் பாதி என்று மிஷின் சீட்டுப்போட்டுப் பிரித்துவிடும். பாதியில் இருப்பவர்களுக்கும் தெரியாது.

இதை அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்ல, என் மகள் கையை நிறுத்தினாள்.

“அத்தை போன்ல இருக்கா, எடுத்தாச்சா?”

“தெரியாது. மிஷின் பிரிச்சது.”

“பார்த்துச் சொல்லு.”

“பார்க்கக் கூடாது. நம்ம ஆளுன்னு ஒருத்தரை மாத்தி வச்சா கணக்கு அழுக்காயிடும்.”

“உன் அம்மா!”

“அதனாலதான் பார்க்கக் கூடாதுன்னு சொல்றேன். வேற யாரோ அம்மாவா இருந்தா எனக்குப் பார்க்கவே தோணாதே.”

இவ்வளவு நேர்மையான மனுஷன். லஞ்சம் வாங்குகிறவனாக இருந்திருந்தால் தாயின் போனை மட்டும் தனியாக எடுத்து வைத்திருப்பான். எனக்கு அன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஏதோ தாயம் உருட்டுகிறார்கள் என்று சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

தினமும் சாயந்திரம் தாய்க்குப் போன் செய்வார். நன்றாக இருக்கிறேன் என்பாள். இவருக்கு அப்போது வேலை கழுத்தை நெரித்தது, ஞாயிற்றுக்கிழமைகூடப் போய்ப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் எனக்கு அந்த வட்டாரத்தில் ஒரு சாவு. போன கையோடு சம்பந்தியையும் எட்டிப் பார்க்கலாம் என்று போனேன்.

கதவைத் திறந்ததுமே வாடை. நான் பிணத்தைப் பார்த்துவிட்டு வந்தவள். அங்கே இல்லாத வாடை இங்கே அடித்தது.

“ஜன்னலைத் திறந்தா என்ன?” என்றேன்.

“குளிருது சம்பந்தி.” நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது, குளிருகிறதாம். காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“காலைக் காட்டுங்க.”

“எதுக்கு? பொண்ணு பார்க்க வந்தீங்களா?”

போர்வையைப் பிடித்து இழுத்தேன். பழைய துணி ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அந்தத் துணியின் நிறத்தை நான் சொல்லப்போவதில்லை.

“நர்ஸ் எங்க?”

“அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிடுச்சு போல. வர்றதில்லை.”

“பட்டனை அமுக்க வேண்டியதுதானே?”

அவள் முகம் சுருங்கிப்போனது. பாத்திரத்தை உடைத்துவிட்டு நிற்கிற சின்னப் பிள்ளை முகம்.

“பட்டனைக் காணோம் சம்பந்தி. நான் எதையோ தப்பா அமுக்கி அழிச்சுட்டேன். ஒரு பெட்டிதான் வருது, அதுல எழுத எனக்கு எங்க வரும்? தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. ரெண்டு தடவை காட்டிக் கொடுத்தான். பாவம், அவன் செஞ்சு கொடுத்ததை நான் கெடுத்து வச்சிருக்கேன்.”

“போன் பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே அவருக்கு!”

“காலைல பண்ணாதன்னு சொன்னானே.”

“சாயந்திரம்?”

“சாயந்திரம் அவன் குரலே களைச்சுப் போயிருக்கும்.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிகம் பேசவில்லை. கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். நின்று நின்று மகனைப் படிக்க வைத்த கால் அது. எந்தத் தொட்டியில் போட்டார்களோ.

அறுவை முடிந்து அவள் மயக்கத்தில் கிடந்தபோது, அவளுடைய போனை என் மருமகன் எடுத்தார். ஆப்பைத் திறந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் பச்சை எது என்று தெரியும். பச்சை இல்லை. வெள்ளையாக ஒரு பெட்டி, அதில் ஒரு கோடு மினுக்கு மினுக்கு என்று மினுக்கிக்கொண்டிருந்தது.

நான் திட்டியிருப்பேன் என்று நினைப்பீர்கள். வாய் வரவில்லை. என் மகள்தான் கேட்டாள்.

“உங்க கணக்குல அத்தை என்னவா இருக்காங்க?”

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“சொல்லு. என்னவா எழுதியிருக்கு?”

“குறை சொல்லாதவங்க” என்றார். குரல் கீழே கிடந்தது. “பட்டன் எடுத்த பாதியில புகார் ரொம்பக் குறைஞ்சிருக்கு. குறைஞ்சா நல்லதுன்னு அர்த்தம். அம்மா அதுல ஒருத்தங்க.”

“புகார் சொல்ல எங்க வழி வச்சீங்க?”

“தெரியும்” என்றார். “இப்பத் தெரியுது.”

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“அத்தை, அம்மாகிட்ட நீங்க சொல்லிடாதீங்க.”

“நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க சொல்லுங்க. அவ தான் அழிச்சுட்டதா நினைச்சுக் கிடக்கா. காலும் போய், அந்தப் பழியும் சேர்ந்து அவளுக்கு எதுக்கு?”

“சொல்றேன். முதல்ல ஆபீஸ்ல சொல்லணும். நாளைக்குத்தான் முடிவெடுக்கிற மீட்டிங். பட்டனைத் திரும்ப வைக்கச் சொல்றேன்.”

அடுத்த நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பெஞ்சில் உட்கார்ந்து மீட்டிங் போட்டார். மடியில் கம்ப்யூட்டர். காதில் மாட்டுவதில் சார்ஜ் இல்லை, சத்தம் வெளியே கேட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். சின்னச் சின்னக் கட்டத்துக்குள் முகம் முகமாக ஆட்கள், எல்லோருக்கும் சந்தோஷம். யாரோ ஒரு பெண் கோடு கோடாக ஒரு படத்தைக் காட்டி, புகார் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்றாள். கட்டத்துக்குள் கைதட்டும் பொம்மைகள் முளைத்தன.

என் மருமகன் தொண்டையைக் கனைத்தார்.

“ஒரு விஷயம். அந்தப் பாதியில எங்க அம்மாவும் இருந்தாங்க.”

எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை.  எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆம்பளைதான் என்று நினைத்தேன்.

 பிறகு அரைக்கால் சட்டை பேசினார். நல்ல குரல்தான்.

“ப்ரோ, ரொம்பக் கஷ்டமா இருக்கு. அம்மாவை நல்லா பார்த்துக்கோ. எத்தனை நாள் லீவு வேணும்னாலும் எடுத்துக்கோ.”

“லீவு இல்ல ப்ரோ. பட்டனைத் திரும்ப வைக்கணும்.”

“கேட்கிறேன்னு தப்பா நினைக்காத. இது ஒருத்தரோட கதை. ஒருத்தர் கதையை வச்சு முடிவெடுக்காதீங்க, மொத்தக் கணக்கைப் பாருங்கன்னு இங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது யாரு?”

 

“நீதானே?” என்றார் அவர்.

“நான்தான்.”

“இதுல நம்ம எல்லாருக்கும் வலி இருக்கு. ஆனா வலிச்சதுக்காகக் கணக்கை மாத்தினா நாம என்ன கம்பெனி? ஹெட்டா இருந்து நீயே சொல்லு.”

ஹெட்டா இருந்து. அந்தச் சொல்லை அவர் அப்படி நைசாக நடுவில் வைத்தார், எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைக்கிற மாதிரி. நான் இவருடைய தொடையில் கிள்ளினேன். ‘சொல்லுங்க மாப்பிள்ளை, உங்க கணக்கையும் கம்பெனியையும் கொண்டுபோய்க் கொட்டுங்கன்னு சொல்லுங்க’ என்று அந்தக் கிள்ளலுக்கு அர்த்தம். அவருக்கு வலித்ததோ என்னவோ.

“ஓகே” என்றார்.

மறுபடியும் கைதட்டும் பொம்மைகள் வந்தன. சாயந்திரம் ஒரு பெரிய பூங்கொத்து ஆஸ்பத்திரிக்கு வந்தது, எங்கள் குடும்பத்தின் அம்மாவுக்கு என்று அட்டையில் எழுதியிருந்ததாம். அந்த வாரமே இவர் ஹெட் ஆனார், எல்லார் போனிலிருந்தும் பச்சையும் போய்விட்டது. பின்பக்க அறைப் பெண்களையும் அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்ட பெண்ணும் அதில் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

தாயிடம் சொல்வதற்கு அவருக்கு மேலும் சில நாள் பிடித்தது. நானும் விடவில்லை, பார்க்கிற போதெல்லாம் “சொல்லியாச்சா?” என்றேன். கடைசியில் ஒருநாள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் மகளும் கட்டிலின் கால்மாட்டில். கால்மாடு என்கிறேன், அங்கே ஒரு கால்தான்.

“அம்மா, அந்தப் பட்டனை நீ அழிக்கலை.”

“பின்ன?”

“நான்தான் எடுத்தேன். பாதிப் பேருக்கு எடுத்துப் பார்த்தோம். அதுல நீயும் மாட்டிக்கிட்ட. எனக்குத் தெரியாது. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், பார்க்கலை.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடிக்குக் காத்திருக்கிற தலை. ஒரு அறை விட்டிருந்தால், நாலு வார்த்தை நாறத் திட்டியிருந்தால், அந்த மனுஷன் அழுது தீர்த்து எழுந்திருப்பார்.

சம்பந்தி அவரை உற்றுப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்போ நான் ஒண்ணும் கெடுக்கலையா?”

“இல்லம்மா.”

“நெசமாவா? நான் தப்பா எதையும் அமுக்கலை?”

“இல்ல.”

“அப்பாடா!” என்றாள். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “இத்தனை நாளா நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்துச்சு தம்பி. கைநாட்டுக்கு எதுக்கு இந்தப் போனுன்னு என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன்.”

அவ்வளவுதான். கோபம் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. மகனுடைய கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, “பெரிய வேலை கொடுத்திருக்காங்களாமே? பூ அனுப்பினவரு நல்ல மனுஷன்” என்றாள். இவர் கையை உருவவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். என் மகள் வெளியே போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடி மடச்சி” என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். நொந்தவளை இன்னும் நோகடிப்பானேன்.

பக்கத்துப் படுக்கையில் இடுப்பு முறிந்த ஒரு அம்மாள். வீட்டுக்குப் போனால் பார்க்க நாதி இல்லை என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். சம்பந்திக்கு அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏங்க, எதுக்குக் கவலைப்படறீங்க? எம் பையன் ஆப் ஒண்ணு செஞ்சிருக்கான். நர்ஸ் வீட்டுக்கே வரும். தம்பி, அவங்க போன்ல போட்டுக் கொடுடா.”

அந்த அம்மாள் தலையணைக்கு அடியில் துழாவிப் போனை எடுத்து நீட்டினாள். என் மருமகன் எழுந்து போய் வாங்கினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வார், ஏதாவது காரணம் சொல்வார், குறைந்தது தன்னுடைய நம்பரையாவது அதில் போட்டுக் கொடுப்பார் என்று பார்த்தேன். விரல் தானாக வேலை செய்தது. பழகின விரல். போட்டு முடித்துத் திரும்பக் கொடுத்தார்.

“ஏம்ப்பா, நர்ஸ் வரலைன்னா இதுல யார்கிட்டயாவது பேசலாமா?”

“இந்தப் பெட்டியில எழுதிக் கேட்கலாம்மா.”

“எனக்கு எழுத வராதே.”



“பழகிடும்மா” என்றார்.

“பழகிடும், பழகிடும்” என்றாள் என் சம்பந்தி. “வேணும்னா இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்க. பொறுமையா சொல்லிக் கொடுப்பான்.”